நிரல் தெரியாத மருத்துவ மாணவருக்குக் கணினி நோயியல் ஆய்வில் என்ன வேலை?

இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "எங்கள் நோயியல் துறைப் பேராசிரியர் ஒருவர் தன் கணினி நோயியல் ஆய்வில் இரண்டு மாதம் சேர்ந்துகொள்ள அழைத்திருக்கிறார். எனக்கு பைத்தான் தெரியாது. ஸ்லைடு படங்களில் புற்றுநோய்ப் பகுதியைச் சுற்றிக் கோடு போடும் வேலையைத்தான் முதலில் தருவார்களாம். இதில் நான் என்ன கற்றுக்கொள்வேன்? பின்னால் முதுநிலைப் படிப்பில் சேர இது உதவுமா?"

சேருங்கள். கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிய திசுச் சீவலைப் படமாக்கி, அதில் நோயைக் கண்டறியக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் கணினி நோயியல். கோடு போடும் வேலையை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். நானும் மாணவனாக இருந்தபோது அந்த வாசல் வழியாகத்தான் இத்துறைக்குள் வந்தேன். இன்று நோயியல் நிபுணராகப் பொறியாளர்களுடன் உட்கார்ந்து பேசும்போதும் எனக்குக் கைகொடுப்பது அப்போது கற்றதுதான். ஒரு மாடல், அதாவது படங்களிலிருந்து கற்கும் கணினி நிரல், கற்பது நாம் அதற்குச் சொல்லித்தரும் விடைகளை. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, யார் சொன்னார்கள், எவ்வளவு உறுதியோடு சொன்னார்கள் என்று கேட்பதற்கு ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஆள் வேண்டும். பொறியாளரின் கைக்கு ஸ்லைடு ஒரு கோப்பாக வந்து சேர்கிறது. அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பேராசிரியருக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஒவ்வொரு படத்தையும் பார்க்க நேரம் இருக்காது. இருவருக்கும் நடுவில் நிற்கும் மாணவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

அதனால் முதல் வாரம் கணினி முன் உட்கார அவசரப்படாதீர்கள். திசுவைக் கண்ணால் பார்த்து வெட்டியெடுக்கும் கிராஸிங் அறைக்குப் போங்கள். அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வந்த மார்பகத் திசுவை எங்கே வெட்டுகிறார்கள், கட்டியின் எந்தப் பகுதி கேசட்டுக்குள் போகிறது, எது போகாமல் டப்பாவிலேயே தங்குகிறது என்று நின்று பாருங்கள். நீங்கள் பிறகு திரையில் காணப்போவது அந்தத் தேர்வுக்குப் பின் மிஞ்சிய துண்டுதான். திசு ஆல்கஹாலில் நீரை இழந்து, சைலீனில் தெளிந்து, பாரஃபின் மெழுகில் பிளாக்காக மாறுகிறது. மைக்ரோடோமில் மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, வெந்நீரில் மிதந்து, கண்ணாடியில் ஏறுகிறது. ஹீமாடாக்சிலின் உட்கருவை நீலமாக்குகிறது. ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்குகிறது. ஃபார்மலினில் போடத் தாமதமானால் செல்கள் சிதைகின்றன. கத்தி மழுங்கியிருந்தால் திசுவில் வரிவரியாகக் கோடு விழுகிறது. வெந்நீரில் சரியாக விரியாத சீவல் மடிந்துகொள்கிறது. அந்த மடிப்பு திரையில் அடர்ந்த நீலமாகத் தெரியும். ஒரு மாடலின் கண்ணுக்கு அது செல்கள் நெருங்கிக் கிடக்கும் கட்டியைப் போலிருக்கும். இவற்றையெல்லாம் தொழில்நுட்பநரின் அருகில் நின்று கற்றவர், கணினி தவறு செய்யும்போது ஏன் செய்தது என்று ஊகிக்க முடியும்.

எங்கள் திட்டம் ஒன்றில் அப்படி ஒன்று நடந்தது. இரண்டு வகைக் கட்டிகளைப் பிரித்தறியும் மாடல் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ள தொழில்நுட்பநர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பழைய ஹீமாடாக்சிலின் தம்பி, அதற்குப் பிறகு நாங்கள் வேறு வாங்க ஆரம்பித்தோம்" என்றார். ஒரு வகைக் கட்டியின் ஸ்லைடுகள் பெரும்பாலும் பழைய பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டவை, மற்றது புதியவை. மாடல் எதைப் பார்த்துப் பிரித்தது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது. அவர் பெயரை நன்றியுரையில் மட்டும் போடாமல் ஆசிரியர் வரிசையில் சேர்க்க வேண்டும் என்று நான் அன்று வாதாடினேன். இன்றும் அதையே சொல்வேன்.

ஸ்லைடு ஸ்கேனருக்குள் போனதும் அளவு மாறிவிடுகிறது. நாற்பது மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு பிக்சல் ஏறத்தாழ கால் மைக்ரான். 20 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் உள்ள திசு என்றால் 80,000 பிக்சலுக்கு 60,000 பிக்சல். மொத்தம் 480 கோடி. சுருக்காமல் வைத்தால் 14 ஜிகாபைட்டுக்கு மேல் வரும். எந்த மாடலும் இதை ஒரே வாயில் விழுங்காது. ஆகவே 256-க்கு 256 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக நறுக்குகிறார்கள். இந்த ஒரு ஸ்லைடிலிருந்தே 70,000-க்கும் மேற்பட்ட கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டத்தில் சில டஜன் செல்கள் இருக்கலாம். நீங்கள் நுண்ணோக்கியில் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் அமைப்பைப் பார்த்து, பிறகு உள்ளே போகப் பழகியவர். கட்டமாக நறுக்கியதும் அந்த அமைப்பு காணாமல் போகிறது. ஒரு சுரப்பி தன் எல்லைக்குள் அடங்கியிருக்கிறதா, கொழுப்புக்குள் ஊடுருவிவிட்டதா என்பது ஒரே கட்டத்தில் தெரியாது. எந்த நோயை எந்த உருப்பெருக்கத்தில் கேட்க வேண்டும் என்பதை மருத்துவம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

இனி அந்தக் கோடு போடும் வேலை. இத்துறையில் மிகவும் பேர்பெற்ற போட்டிகளில் ஒன்று நெதர்லாந்தில் நடந்த கேமிலியன்16. மார்பகப் புற்றுநோய் முதலில் பரவிச் சேரும் சென்டினல் நிணநீர் முடிச்சுகளின் ஸ்லைடுகளை நைமேகன், உட்ரெக்ட் நகரங்களின் இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகள் திரட்டின. பயிற்சிக்கு 270 ஸ்லைடுகள்; அவற்றில் 110-இல் புற்றுநோய் பரவியிருந்தது. அந்தப் பரவல்களைச் சுற்றி எல்லை வரைந்தவர்கள் யார் தெரியுமா? இரண்டு மாணவர்கள், மருத்துவமனைக்கு ஒருவராக. அவர்கள் கையால் வரைந்ததை நோயியல் நிபுணர்கள் ஸ்லைடு ஸ்லைடாகச் சரிபார்த்தார்கள். கண்ணுக்கு ஐயம் வந்த இடங்களில் புற்றுநோய்ச் செல்களைத் தனித்துக் காட்டும் சைட்டோகெரட்டின் சாயம் போட்ட ஸ்லைடைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பின் உலகெங்கும் எத்தனையோ குழுக்கள் தங்கள் அல்காரிதங்களை இந்தக் கோடுகளின் மீதுதான் பயிற்றுவித்தன. உங்கள் கேள்வியில் 'கோடு போடும் வேலையைத்தான்' என்று வந்த இடத்தில் எனக்குச் சற்று வருத்தமாக இருந்ததன் காரணம் இதுதான்.

அந்தக் கோடு போடும்போது நீங்கள் கற்பது நுண்ணோக்கி வகுப்பில் கிடைக்காது. வகுப்பில் ஆசிரியர் நல்ல வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்லைடை வைத்துவிடுவார். நீங்கள் பார்த்து வரைந்தால் போதும். இங்கே முழு ஸ்லைடுக்கும் நீங்கள் பொறுப்பு. நிணநீர் முடிச்சின் சைனஸ் பாதையில் பெருத்துக் கிடக்கும் ஹிஸ்டியோசைட்டுகள் என்ற இயல்பான பாதுகாப்புச் செல்கள் புற்றுநோய்ச் செல்களைப் போல ஏமாற்றும். சுருங்கிக் கறுத்த, செத்துக்கொண்டிருக்கும் உட்கரு, பிரிந்துகொண்டிருக்கும் உட்கருவைப் போலத் தெரியும். கட்டியின் ஓரத்தில் லிம்போசைட்டுகள் கலந்து நிற்கும் இடத்தில் கோட்டை உள்ளே இழுப்பதா வெளியே தள்ளுவதா என்று கை தயங்கும். தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேட்டை வாரம் ஒருமுறை பேராசிரியரிடம் கொண்டுபோங்கள். நான் மார்பகப் புற்றுநோய் ஸ்லைடுகளில் செல் பிரிவுகளைக் குறித்துக்கொண்டிருந்த காலத்தில், என் வழிகாட்டி என் குறிகளை மறைத்துவிட்டுத் தான் தனியாகக் குறிப்பார். பிறகு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்போம். நாங்கள் வேறுபட்ட இடங்களைப் பற்றி நடந்த பேச்சுதான் எனக்கு நோயியலைக் கற்றுக்கொடுத்தது.

வேறுபாடு மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையில் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் 115 நோயியல் நிபுணர்களுக்கு மார்பக பயாப்சி ஸ்லைடுகளைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஆளுக்கு 60 ஸ்லைடுகள். மூன்று வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவோடு அவர்களின் விடைகள் ஒட்டுமொத்தமாக 75.3 விழுக்காடு ஒத்துப்போயின. ஊடுருவிய புற்றுநோயில் ஒற்றுமை 96 விழுக்காடு. ஆனால் புற்றுநோய்க்கும் இயல்புக்கும் இடைப்பட்ட, இயல்பு பிறழ்ந்த பெருக்கம் என்ற வகையில் அது 48 விழுக்காடாக இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஸ்லைடில் ஒருவர் எழுதிய ஒற்றை விடையை உண்மை என்று மாடலுக்கு ஊட்டினால், அது அந்த ஒருவரின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். உங்கள் திட்டத்தில் ஒரு ஸ்லைடை எத்தனை பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், கருத்து வேறுபட்டால் யார் முடிவு செய்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். ஒருவர் மட்டும்தான் என்றால், இரண்டாவது ஆளாக நீங்கள் ஒரு பகுதி ஸ்லைடுகளைப் பார்த்து, கப்பா என்ற ஒற்றுமை அளவைக் கணக்கிட முன்வாருங்கள். ஒரு மாணவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய, ஆய்வுக்கு உண்மையாகவே பயன்படக்கூடிய வேலை அது.

மாடல்கள் குறுக்கு வழியைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் உடையவை. பழைய ஸ்லைடுகளில் புற்றுநோய்ப் பகுதிக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைப்பது நம் ஊர் ஆய்வகங்களிலும் வழக்கம். அந்த மையோடு ஸ்கேன் செய்தால் மாடல் மையைக் கற்றுவிடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். துடைக்க முடியாவிட்டால் அந்தக் கட்டங்களை நீக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத மையும் உண்டு. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்பான டிசிஜிஏ, 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் அதிகமான நோயாளிகளின் தரவுகளைக் கொண்டது. இன்று பல மாணவர்கள் தொடங்குவது அங்கிருந்துதான். அதில் ஒவ்வொரு நோயாளியின் குறியீட்டிலும் எந்த மருத்துவமனையிலிருந்து திசு வந்தது என்பதற்கு இரண்டு எழுத்து இடம் இருக்கிறது. 2021-இல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று காட்டியது இதுதான்: ஸ்லைடைப் பார்த்தே அது எந்த மருத்துவமனையுடையது என்று மாடல்கள் சொல்லிவிடுகின்றன, நிறத்தைச் சமன்படுத்திய பிறகும் சொல்கின்றன. ஒரு மருத்துவமனைக்கு முற்றிய நோயாளிகள் அதிகமாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இவர் நெடுநாள் வாழமாட்டார்' என்று மாடல் சொல்வது கட்டியைப் பார்த்தா, மருத்துவமனையை அடையாளம் கண்டா? பயிற்சிக்கு ஒரு மருத்துவமனை, சோதனைக்கு வேறொரு மருத்துவமனை என்று பிரிக்காதவரை இதற்கு விடை கிடைக்காது.

தரவைப் பிரிப்பதில் இன்னும் எளிய ஓட்டை ஒன்று உண்டு. பிரேசிலில் திரட்டப்பட்ட பிரேக்ஹிஸ் என்ற மார்பகக் கட்டித் தொகுப்பில் 7,909 படங்கள் இருக்கின்றன. நோயாளிகளோ 82 பேர்தான். படங்களைக் குலுக்கிப்போட்டு எண்பதுக்கு இருபது என்று பிரித்தால், ஒரே நோயாளியின் ஒரே கட்டி இரு பக்கமும் வந்துவிடும். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதிய தேர்வாகிவிடும் அது. நம் கல்லூரிகளின் மாணவர் திட்டங்களில் 99 விழுக்காடு துல்லியம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், நான் முதலில் தேடுவது நோயாளிவாரியாகப் பிரித்தார்களா என்ற ஒரு வரியைத்தான். அந்த வரி இல்லாவிட்டால் மேற்கொண்டு படிப்பதில்லை.

எண்களைப் படிப்பதும் மருத்துவ மாணவரின் வேலையே. கேமிலியன்16 முடிவுகள் 2017 இறுதியில் வெளியானபோது மருத்துவர்களைக் கணினி வென்றது என்ற தொனியில்தான் பேச்சு எழுந்தது. 129 சோதனை ஸ்லைடுகளில் முதலிடம் பெற்ற அல்காரிதத்தின் ஏயூசி (நோயுள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் திறனின் அளவு; 1 என்றால் முழுமை) 0.994; பதினொரு நோயியல் நிபுணர்களின் சராசரி 0.810. ஆனால் அந்தப் பதினொரு பேருக்கும் அவ்வளவு ஸ்லைடுகளையும் பார்க்கத் தரப்பட்ட நேரம் ஏறத்தாழ இரண்டு மணி, அதாவது ஒரு ஸ்லைடுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்த ஒரு நிபுணர் சுமார் 30 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவருடைய அளவு 0.966. இந்த ஆய்வு எனக்குச் சொல்வது, அவசரத்தில் மனிதர் தவறவிடும் சிறு பரவல்களைக் கணினி பிடித்துத் தரும் என்பதை. அது மிகப் பெரிய உதவி. அதை மனிதரைத் தோற்கடித்த கதையாகச் சொன்னால் அந்த உதவி எங்கே தேவை என்பது மறைந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். 2,000 நிணநீர் முடிச்சுகளில் 100-இல் மட்டும் நோய் இருக்கிறது. கருவியின் உணர்திறன் 95 விழுக்காடு, தனித்திறன் 95 விழுக்காடு. நோய் உள்ளவற்றில் 95-ஐப் பிடிக்கும். நோய் இல்லாத 1,900-இல் 95-க்குத் தவறாக மணியடிக்கும். ஆக, அது மணியடிக்கும் இரண்டில் ஒன்று பொய். சமூக மருத்துவ வகுப்பில் நீங்கள் படித்த அதே கணக்குதான். பொறியாளர்கள் பாதிக்குப் பாதி நோயுள்ள தொகுப்பில் சோதித்துவிட்டு மகிழும்போது, நம் ஆய்வகத்துக்கு வருவதில் எத்தனை விழுக்காடு நோயுள்ளவை என்று கேட்க வேண்டியவர் நீங்கள்.

'எல்லை வரையும் காலமே முடிந்துவிட்டது' என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2019-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம், 15,187 நோயாளிகளின் 44,732 ஸ்லைடுகளைக் கொண்டு, எந்தக் கோடும் போடாமல், நோயறிக்கையில் இருந்த முடிவை மட்டும் வைத்து ஒரு மாடலைப் பயிற்றுவித்துச் சோதித்துக் காட்டியது. 2024-இல் வந்த பிராவ்-கிகாபாத் என்ற அடித்தள மாடல் (பல ஆய்வுகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளக்கூடிய பொது மாடல்) 1,71,189 ஸ்லைடுகளிலிருந்து எடுத்த 130 கோடி கட்டங்களை, விடையே சொல்லாமல், தானாகவே கற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட மாடல்களை இறக்கிக்கொண்டு, சில நூறு ஸ்லைடுகளோடு ஒரு சிறு கல்லூரிகூட ஆய்வு செய்ய முடிகிறது. இது நமக்கு நல்ல காலம் என்றே நினைக்கிறேன். ஆனால் மாடல் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுத்தது என்று காட்டும் வண்ண வரைபடம் வந்ததும், சிவப்பாக ஒளிரும் அந்த இடத்தில் இருப்பது கட்டியா, நசுங்கிய திசுவா, மடிப்பா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சரிபார்ப்பதற்கான ஸ்லைடுகளில் இன்னமும் கோடு வேண்டும்.

பைத்தான் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். க்யூபாத் என்ற இலவச மென்பொருளில் தொடங்குங்கள். பெல்ஃபாஸ்ட்டில் உருவானது, நிரல் எழுதாமலே ஸ்லைடைத் திறக்கலாம், எல்லை வரையலாம், உட்கருக்களை எண்ணலாம். இரண்டாவது மாதத்தில் ஸ்லைடு கோப்புகளைத் திறக்க உதவும் ஓப்பன்ஸ்லைடு என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு ஒரு ஸ்லைடைத் திறந்து, கட்டங்களாக நறுக்கி, வெற்றுக் கண்ணாடிப் பகுதியை நீக்கும் அளவுக்குப் பைத்தான் கற்றால் போதும். மாடலின் உள் கணிதம் பிறகு வரும்.

செய்ய வேண்டிய சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான குறுகியகால ஆய்வு உதவித்தொகையும் இரண்டு மாதத் திட்டம்தான். இந்த வேலையையே அதற்கு விண்ணப்பமாக எழுத முடியுமா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். பழைய பிளாக்குகளை மட்டும் பயன்படுத்துவதானாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளியிடம் தனித்தனியாகச் சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், குழுவிடமே கேட்காமல் இருக்க முடியாது. ஸ்கேன் செய்த கோப்புக்குள் ஸ்லைடின் லேபிளும் ஒரு படமாக ஒளிந்திருக்கும், அதில் பயாப்சி எண்ணோ பெயரோ இருக்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் அது போகாது. கோப்புகளை வெளியே அனுப்பும் முன் அந்த லேபிள் படத்தை நீக்கினார்களா என்று நீங்களே திறந்து பாருங்கள். கட்டுரை வெளியானால் ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம் என்ன என்பதையும் வேலை தொடங்கும் முன் பேசிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

கடைசியாக, முதுநிலைப் படிப்பு. நீட் முதுநிலைத் தேர்வில் இடம் கிடைப்பது மதிப்பெண் தரவரிசைப்படி. உங்கள் ஆய்வுக்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது. அதற்காகச் சேர்வதானால் அந்த இரண்டு மாதத்தைத் தேர்வுப் படிப்புக்கே கொடுங்கள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஆய்வும், உங்களுடன் நெருங்கி வேலை செய்த ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கணக்கில் வரும். நோயியலிலோ புற்றுநோயியலிலோ போக மனம் இருந்தால், எங்கே படித்தாலும் இந்த இரண்டு மாதம் வீணாகாது. எனக்கு அறிமுகமான மாணவர்களில் சிலர் இதன் பிறகு நோயியலைத் தேர்ந்தெடுத்தார்கள்; சிலர் அறுவை மருத்துவத்துக்குப் போனார்கள். அறுவை மருத்துவத்துக்குப் போனவர்களில் ஒருவர் இன்றும் திசுவை அனுப்பும்போது எந்த ஓரம் எது என்று நூல் கட்டிக் குறித்து, ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் படிவத்தில் எழுதி அனுப்புகிறார்.